மீசைத் துரை பங்களா அப்பு

"அப்பு, டோனட்டுக்கு ஓட்டை நடுவுலயா, ஓரத்துலயா?"

ஏணியின் மேல் நின்றபடி போர்டு எழுதுகிறவர் கேட்டார். அவர் கையிலிருந்த தூரிகையில் மஞ்சள் பெயிண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே, மக்பூல் முதலாளியின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த சிவசாமிக்கு, அந்தப் பண்டத்துக்கு ஓட்டை உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"ஓட்டையா?"

"மொதலாளி படம் போடச் சொன்னாரு. ஓட்டை இருக்கும்னாரு. மிச்சத்த அப்புகிட்ட கேளுன்னுட்டுப் போயிட்டாரு."

சிவசாமி ஹட்டன் கடைத்தெருவை மேலும் கீழும் பார்த்தார். உதவிக்கு யாரும் வருகிற மாதிரி இல்லை.

"நடுவுல போடுங்க."

"எத்தனை?"

"எத்தனைன்னா?"

"ஓட்டைங்க."

"ஒன்னு போதும்," என்றார் சிவசாமி.

போர்டில் ஏற்கெனவே எழுதி முடித்திருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மக்பூல் டீ ரூம். கொழும்பு மாதிரி சாண்ட்விச், டோனட் இங்கே கிடைக்கும்.' அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'செய்பவர்: மீசைத் துரை பங்களா அப்பு சிவசாமி.'

தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவர் எங்கும் பார்த்ததில்லை. தோட்டத்துப் பதிவிலிருந்து அதை வெட்டியபோதுகூட அது சின்ன எழுத்தாகத்தான் இருந்தது.

தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் சமைக்கிறவரை இலங்கை மலைநாட்டில் அப்பு என்பார்கள். சிவசாமி மீசைத் துரையின் பங்களாவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அவர் அங்கே அப்பு இல்லை. நாய்க்காரன்.

கன்றுக்குட்டி உயரத்தில் நாலு நாய்கள். அவற்றைக் குளிப்பாட்டுவது, உண்ணி பிடுங்குவது, பனியில் நடக்கக் கூட்டிப்போவது, பின்பக்கத்துக் கொட்டகையில் தனி அடுப்பு மூட்டி அவற்றுக்கு ஆக்கிப்போடுவது, இவ்வளவுதான் அவர் வேலை. துரைக்குச் சமையல் நடக்கிற பங்களாக் குசினிக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. குசினிக்கு ராஜா என்றால் செல்லசாமி அப்புதான். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக அவர் நடமாடுவதைச் சிவசாமி தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் மீசைத் துரை சீமைக்குக் கப்பலேறினார். போகுமுன் நாய்களைக் கூட்டாளிகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சிவசாமியை யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்த துரைக்கு நாய் என்றாலே ஆகாது. பேரை வெட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ரெண்டு நாள் பட்டினியோடு அவர் மக்பூலின் கடையில் வேலை கேட்டு நின்றார்.

"முந்தி எங்க வேலை செஞ்சீங்க?"

"மீசைத் துரை பங்களாவுலங்க."

"என்ன வேலை?"

அந்த வயிற்றை வைத்துக்கொண்டு நாய் என்று சொல்ல வாய் வரவில்லை. "சாப்பாட்டுப் பக்கங்க," என்றார்.

"அப்புவா!" மக்பூல் எழுந்தே நின்றுவிட்டார்.

இல்லை என்று சொல்லச் சிவசாமி வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு தட்டுச் சோறு வந்து இறங்கிவிட்டது. திறந்த வாய்க்கு அது பயன்பட்டது.

எட்டு வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. சோறு, பருப்பு, ரொட்டி, வடை, மாட்டிறைச்சிக் கறி. சிவசாமி மாட்டிறைச்சி சாப்பிடாதவர். அதனால் கறிக்கு உப்புப் பார்க்கிற வேலையை முதலாளியே வைத்துக்கொண்டார். துரை சாப்பாடு வேண்டும் என்று ஹட்டனில் ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரே அப்பு என்று கூப்பிட்டது. கொஞ்ச நாளில் அவருக்கே அது பழகிவிட்டது.

போன வாரம் மக்பூல் ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் போனார். கோச்சி ரயிலை விட்டு இறங்கி வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

"அப்பு, கோட்டைப் பக்கம் ஒரு கடை. உக்கார எடமில்ல. ஆபீஸ் கந்தோர்ல வேலை செய்ற பிள்ளைங்க எல்லாம் நின்னுக்கிட்டே திங்குது. சாண்ட்விச்சாம். பக்கத்துக் கடையில டோனட். ஒரு கையில அது, ஒரு கையில இது. எல வேணாம், தட்டு வேணாம், கை கழுவத் தண்ணி வேணாம். நம்ம ஊர்ல கோச்சி வந்து நிக்கிது. நுவரெலியா சீசனுக்குப் போற சனம் இந்த வழியாத்தான் போகுது, சிவனொளிபாத மலைக்குப் போற சனம் எறங்குது. வந்தவனுக்கு நாம என்னத்தக் குடுக்குறோம்? வடை!"

எட்டு வருஷமாக அந்த வடையைச் சுட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களக் குத்தம் சொல்லல அப்பு. குத்தம் என்னோடது. துரைமாருக்குச் சமைச்ச கையக் கொண்டு வந்து வடை சுட வச்சேனே, அதுதான் குத்தம். அல்லாஹ் எனக்கு ஒரு அப்புவக் குடுத்தும் நான் பயன்படுத்தல. இந்த சாண்ட்விச்சு, டோனட்டெல்லாம் பங்களாவுல தெனமும் செஞ்சதுதானே?"

சிவசாமி அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். முதலாளி கண் கலங்கி நின்றார்.

"அதெல்லாம் பெரிய விஷயமில்லிங்க மொதலாளி," என்றார் சிவசாமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று முடிவானது. கொழும்பிலிருந்து கண்ணாடி அலுமாரி ஒன்று கோச்சியில் வந்து இறங்கியது. போர்டு எழுதுகிறவரும் வந்து சேர்ந்தார்.

சிவசாமியின் மனைவி ராக்காயிக்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வேலை. தொழிலாளர் லயத்தில் அவர்கள் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் அவள் பேரில்தான் இருந்தது. அன்று சாயந்தரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள்.

"'நான் நாய் குளிப்பாட்டுனவன்'னு போய்ச் சொல்லிட வேண்டியதுதான?"

"எட்டு வருஷம் கழிச்சா?"

"பொய் சொன்னதுக்கு வெரட்டுவாரு. அவ்வளவுதான."

"வெரட்டுனா எங்க போறது? தோட்டத்துல பேரு இல்ல. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? அதவிடு. அந்த மனுசன் என்னை உக்கார வச்சு, அப்பு அப்புன்னு வாய் நெறையக் கூப்புட்டவரு. அவரு மூஞ்சியப் பாத்து எப்புடிச் சொல்றது?"

ராக்காயி கூடையைத் தட்டிக் கவிழ்த்தாள். "ஓட்டை இருக்கும்னுதான சொன்னாரு? வடையிலயும்தான் ஓட்டை இருக்கு. மேல சீனியத் தூவிக் குடுத்துருங்க."

சிவசாமிக்கு அது மோட்ச வாசல் திறந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் உளுந்து வடையைச் சுட்டு, சீனியில் புரட்டி, முதலாளியின் முன்னால் வைத்தார். மக்பூல் பயபக்தியோடு கடித்தார். மென்றார். பிறகு வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பு, டோனட்டுல கொச்சிக்காய் இருக்குமா?"

பழக்க தோஷத்தில் கை பச்சை மிளகாயைப் போட்டுவிட்டிருந்தது.

"மலைநாட்டு டோனட்டுல போடுவாங்க மொதலாளி. குளிருக்கு."

"கொழும்புல போடலியே."

"அங்க குளிரே இல்லியே."

மக்பூல் தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. "எனக்கு அந்தக் கொழும்பு மாதிரியே வேணும் அப்பு. மெத்துமெத்துன்னு இருந்துச்சி. கோதுமை மாவு. உளுந்து இல்ல."

இனி ஒரே வழிதான் இருந்தது. அன்று மத்தியானமே லீவு கேட்டுக்கொண்டு சிவசாமி மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார். செல்லசாமி அப்பு ஓய்வு பெற்று அங்கேதான் மகள் வீட்டில் இருந்தார்.

செல்லசாமிக்கு எழுபது வயது. பல் பாதி போய்விட்டது. பித்தளைப் பொத்தான் கோட்டை மட்டும் விடவில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மீசைத் துரை கொடுத்த நற்சான்றிதழ் மாட்டியிருந்தது. 'இவனைப் போன்ற சமையல்காரன் இலங்கையில் இல்லை' என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருப்பதாகச் சொல்வார்கள்.

"அண்ணே, என்னைக் காப்பாத்தணும்," என்று சிவசாமி தரையில் உட்கார்ந்தார். அப்பு என்று பொய் சொன்னதிலிருந்து போர்டு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார்.

கிழவர் காறித் துப்புவார், அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தார். செல்லசாமி கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"மீசைத் துரை பங்களா அப்புன்னா போர்டு போட்டிருக்கான்?"

"தப்புதாண்ணே. உங்க பேருக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்."

"போட்டா போட்டுட்டுப் போறான். இப்ப என்ன வேணும்?"

"சாண்ட்விச்சு எப்புடிச் செய்யிறதுன்னு சொல்லுங்க."

செல்லசாமி தொண்டையைக் கனைத்தார். "பேக்கரிப் பாண். ரெண்டு துண்டு பாண்."

"சரிண்ணே."

"நடுவுல ஒன்னு."

"என்ன ஒன்னு?"

"ஒன்னு வைக்கணும்."

"என்ன வைக்கணும்ணே?"

"துரை மனசுக்குத் தோதா வைக்கணும்," என்றார் செல்லசாமி. அந்த மஸ்கெலியாக் குளிரிலும் அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

"டோனட்டு?"

"மாவு. பெசையணும். நல்லாப் பெசையணும். சோடா போடு."

"எவ்வளவுண்ணே?"

"நெறைய." கிழவர் எழுந்து வெளியே பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாரு."

தொழில் ரகசியத்தைச் சாகும்போதும் விடமாட்டார் போலிருக்கிறது என்று சிவசாமி நினைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை வந்த செல்லசாமி கேட்டார்.

"ஞாயித்துக்கெழமைதான தெறப்பு விழா? நானும் வர்றேன்."

"ஐயோ, வேணாம்ணே. பஸ்ஸுல அலைச்சல். ஒடம்புக்கு ஆகாது."

"வரணும்பா," என்றார் கிழவர்.

அசல் அப்புவே நேரில் வந்து நிற்கப்போகிறார். தானாகப் போய் அழைப்பு வைத்துவிட்டு வந்தது போல ஆயிற்று.

மறுநாள் சிவசாமி கோதுமை மாவில் சோடாவை நிறையப் போட்டார். எண்ணெயில் விழுந்ததும் அது ஊதியது. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஊதியது. ஓட்டை மூடிக்கொண்டது. பிறகு ஒரு சத்தம். எண்ணெய் தெறித்துச் சுவரில் கோலம் போட்டது. மிஞ்சியதை வாயில் வைத்தால் சலவைச் சவர்க்காரம் தின்ற மாதிரி இருந்தது.

சோடாவே இல்லாமல் செய்தார். ஓட்டை மூடவில்லை, நிறமும் பொன்னாக வந்தது. ஆறவைத்துக் கையில் எடுத்தபோதுதான் அது கல்லாகிவிட்டது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மக்பூல் குசினிக்குள் நுழைந்தார்.

"வந்திருச்சா! ஓட்டையோட வந்திருச்சே!"

எடுத்துக் கடித்தார். 'டக்' என்று கேட்டது. மக்பூல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கொழும்புல இவ்வளவு கெட்டி இல்லியே அப்பு?"

சிவசாமிக்கு யோசிக்க நேரமில்லை. "கொழும்புல செய்யிறது போலிங்க மொதலாளி. அசல் இங்கிலாந்து டோனட்டு கெட்டியாத்தான் இருக்கும். தேத்தண்ணியில ஊறவச்சுத் திங்கணும்."

மக்பூல் கையிலிருந்ததைப் புது மரியாதையோடு பார்த்தார். "அசலா!"

வாசலுக்கு ஓடினார். போர்டு எழுதுகிறவரைத் திரும்பக் கூப்பிட்டு, 'கொழும்பு மாதிரி' என்பதை அழித்து, 'அசல் இங்கிலாந்து' என்று எழுதச் சொன்னார். எழுதி முடிந்ததும் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. இங்கிலாந்துப் பண்டம் என்றால் அதை ஒரு இங்கிலாந்துக்காரர் சாப்பிட்டுச் சொன்னால்தானே ஊர் நம்பும்?

சாயந்தரம் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "அப்பு, வேலை முடிஞ்சிது. ஞாயித்துக்கெழமை மொத ஆளா வந்து சாப்புடச் சொல்லி ஒரு தொரையக் கேட்டேன். சரின்னுட்டாரு."

"எந்தத் துரைங்க?"

"நெட்டைத் துரை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். உங்க மீசைத் துரைக்கு நெருங்கின கூட்டாளியாமே? சனிக்கெழம ஆனா அந்த பங்களாவுலதான் சாப்பாடாமே? உங்க கைச் சாப்பாட்ட மறந்திருப்பாரா, சொல்லுங்க!"

சிவசாமி அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

நெட்டைத் துரையை அவருக்குத் தெரியாமலா? மீசைத் துரை நாய்களைப் பிரித்துக் கொடுத்தபோது பெரிய நாயை வாங்கிக்கொண்டு போனவரே அவர்தான். சங்கிலியைச் சிவசாமியின் கையிலிருந்துதான் வாங்கினார். 'இது என்ன தின்னும்?' என்று கேட்டு, சிவசாமி சொல்லச் சொல்லச் சின்னப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொண்டார்.

அன்று ராக்காயியிடம் சொன்னபோது அவள் கோபப்படக்கூட இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது.

"எங்கயாவது போயிடலாமா?" என்றார்.

"நான் எங்க வர்றது? என் பேரு இங்க இருக்கு," என்றாள் ராக்காயி. சோற்றுத் தட்டை அவர் பக்கம் தள்ளி, "சாப்புட்டுப் படுங்க," என்றாள்.

அவர் சாப்பிடவில்லை.

டோனட் விஷயத்தில் ஊறவைக்கிற கதை இருந்தது. சாண்ட்விச்சுக்கு ஒரு கதையும் இல்லை. பாணுக்கு நடுவில் மாட்டிறைச்சிக் கறியை வைத்துப் பார்த்தார். குழம்பு ஊறி, எடுத்தவுடனே பாண் ரெண்டாகப் பிய்ந்து சட்டையில் விழுந்தது. பருப்பை வைத்தார். நாலா பக்கமும் பிதுங்கியது. தேங்காய்ச் சம்பலை வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மக்பூல், "இது நம்ம பாணும் சம்பலும்தானே அப்பு?" என்று கேட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. காலை ஆறு மணிக்குச் சிவசாமி வெறும் அடுப்பின் முன்னால் நின்றார். பத்து மணிக்குத் துரை வருகிறார். மேசையில் வெட்டி வைத்த பாண் இருந்தது, பக்கத்தில் இறைச்சி இருந்தது. மூளையில் ஒன்றும் இல்லை.

மூளை நின்றுபோன இடத்தில் கை தன்னால் வேலை செய்ய ஆரம்பித்தது. இறைச்சியைப் பெரிய துண்டாக வெட்டியது. கரட்டும் லீக்ஸும் போட்டது. மிளகைத் தட்டிப் போட்டது. எலும்பையும் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்து, மூடி, வேகவிட்டது. பதினோரு வருஷம் ஒவ்வொரு நாளும் செய்த வேலை. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தபோது மணி எட்டரை. அடுப்பில் இருந்தது நாய்ச் சாப்பாடு.

கொட்டிவிட்டு வேறு செய்ய நேரமில்லை. இறைச்சியை நாராகப் பிய்த்தார். அது பஞ்சாக வெந்திருந்தது. பாணில் பட்டர் தடவி, நடுவில் வைத்து, மூலைவாக்கில் வெட்டினார். ருசி பார்க்க வழியில்லை. அவர் சாப்பிடாத இறைச்சி. முதலாளியோ வாசலில் மாலையோடு நின்றார். கையைத் துடைத்துக்கொண்டு, முருகா என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்குக் கடைத்தெருவே திரண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்த தோட்டத்துச் சனம், கடைக்காரர்கள், கோச்சியிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பேர். மஸ்கெலியா பஸ்ஸிலிருந்து பித்தளைப் பொத்தான் கோட்டோடு செல்லசாமி இறங்கி வந்து, பின்வரிசை மர வாங்கில் உட்கார்ந்தார். சிவசாமியைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

நெட்டைத் துரையின் கார் வந்தது. மக்பூல் மாலை போட எம்பினார், எட்டவில்லை. துரை குனிந்து வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். சிவசாமி கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். கண்ணாடி என்பதால் அது மறைக்கவில்லை.

"தொர, இது அசல் இங்கிலாந்து டோனட்டு," என்று மக்பூல் தட்டை நீட்டினார்.

துரை எடுத்துக் கடித்தார். மறுபடி கடித்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். தட்டு 'டங்' என்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தேத்தண்ணியில ஊறவச்சு..." என்று மக்பூல் ஆரம்பித்தார்.

"எத்தனை நாள்?" என்றார் துரை.

மக்பூல் அவசரமாக டோனட் தட்டை இழுத்துக்கொண்டு சாண்ட்விச் தட்டைத் தள்ளினார். அதோடு, கூட்டத்துக்கும் ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எல்லோர் கையிலும் முக்கோணம் முக்கோணமாகச் சாண்ட்விச் போய்ச் சேர்ந்தது. துரை முதலில் சாப்பிடட்டும் என்று மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு எல்லோரும் வாயில் வைத்தார்கள்.

துரை ஒரு வாய் கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

சிவசாமி அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். துரை மெதுவாகப் பாணைப் பிரித்தார். உள்ளே இருந்ததைக் குனிந்து பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தார்.

"இந்தச் சாமான் எனக்குத் தெரியும்," என்றார்.

மக்பூலுக்கு முகம் மலர்ந்தது. சிவசாமி அலுமாரிக்குப் பின்னால் இன்னும் குனிந்தார்.

"யாரு செஞ்சது? கூப்பிடு."

"அப்பு, வாங்க! தொர கூப்புடுறாரு!" மக்பூல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். துரை அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உன்னையும் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். எட்டு வருஷம் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சிவசாமிக்குள் அறுந்தது. அந்தச் சிமெண்டுத் தரையிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"துரை, மன்னிச்சிடுங்க! மொதலாளி, நீங்களும் மன்னிச்சிடுங்க! நான் அப்பு இல்ல. மீசைத் துரை பங்களாவுல நான் நாய்க்காரன். உங்க கையில நாயப் புடிச்சுக் குடுத்தவன் நான்தான். எனக்கு டோனட்டும் தெரியாது, சாண்ட்விச்சும் தெரியாது. இது நாய்க்கு ஆக்குற சாப்பாடு. பங்களாவுல நான் ஆக்குனது இது ஒன்னுதான்!"

கடைக்குள் மென்றுகொண்டிருந்த அத்தனை வாய்களும் ஒரே நேரத்தில் நின்றன. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நாற்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோச்சியில் வந்த ஒரு அம்மா சத்தமில்லாமல் சாண்ட்விச்சைக் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தார்.

"நாய்?" என்றார் துரை, கையிலிருந்ததைப் பார்த்து.

"ஆமாங்க துரை. நாய்க்குங்க."

மக்பூல் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் திட்டவில்லை. "எட்டு வருஷம் அப்பு..." என்றார். இனி அந்த மனுஷனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார். வாசலில் நின்ற ராக்காயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்திருக்கக்கூட மனமில்லாமல் சிவசாமி தரையிலேயே கிடந்தார். நாளையிலிருந்து வேலை இல்லை, பேர் இல்லை, இந்தத் தெருவில் தலை காட்ட வழியில்லை. அசல் அப்பு வேறு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்.

பின்வரிசை வாங்கு கிரீச்சிட்டது. செல்லசாமி எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்துத் துரையின் முன்னால் மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"துரை, சனிக்கெழம சனிக்கெழம வந்து ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்புட்டீங்களே, எனக்கு அடுப்பு மூட்டக்கூட வராதுங்க. பதினோரு வருஷமா பங்களா மேசைக்கு நான் கொண்டாந்து வச்சதெல்லாம், இவன் நாயோட நடக்கப் போன நேரம் பாத்து இவன் நாய்ச் சட்டியில இருந்து அள்ளுனதுதாங்க."